ஜார்ஜ் ஜான்ஸ்டன்: ஆஸ்திரேலிய நாவலாசிரியர், போர்ச் செய்தியாளர் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

யார் இந்த ஜார்ஜ் ஜான்ஸ்டன்?

1912 ஜூலை 20 அன்று ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் நகரில் பிறந்தவர். இரண்டாம் உலகப் போரில் அந்த நாட்டின் பேர்பெற்ற போர்ச் செய்தியாளர்களில் ஒருவர். பிறகு வேலையை விட்டுவிட்டு, குடும்பத்தோடு கிரேக்கத் தீவுகளில் எழுத்தை மட்டுமே நம்பிப் பத்தாண்டு காலம் வாழ்ந்தார். 1964-ல் வெளியான 'மை பிரதர் ஜாக்' (என் அண்ணன் ஜாக்) நாவல் அவரை நிலைநிறுத்தியது. 1970 ஜூலை 22 அன்று, 58 வயது முடிந்த இரண்டாம் நாள், சிட்னியில் இறந்தார்.

இருபதுக்கும் மேற்பட்ட புத்தகங்கள் எழுதியவர். அவற்றில் இன்றும் வாசிக்கப்படுபவை இரண்டு மூன்றுதான். ஆனால் அந்த இரண்டு மூன்றுக்காகத்தான் மற்ற எல்லாவற்றையும் எழுதித் தீர்த்தாரோ என்று எனக்குத் தோன்றும். கைவேகம் அவருக்கு இளமையிலேயே வாய்த்துவிட்டது. உண்மையைச் சொல்லும் நிதானம் வர ஐம்பது வயதாயிற்று.

அவருடைய சிறுவயது எப்படிப்பட்டது?

எல்ஸ்டர்ன்விக் என்ற புறநகரில் எளிய குடும்பம். அப்பா டிராம் வண்டிப் பணிமனையில் வேலை பார்த்தவர். முதல் உலகப் போருக்குப் படைவீரராகப் போனார்.  அம்மா படைவீரர் மருத்துவமனையில் வேலை பார்த்தார். அங்கே குணமாகியும் போக்கிடம் இல்லாதவர்களை வீட்டுக்கு அழைத்து வந்து தங்கவைப்பார்.

அதனால் அந்த வீட்டின் நடை எப்படி இருந்தது என்பதை 'மை பிரதர் ஜாக்' தொடக்கத்திலேயே காட்டிவிடுகிறது. வாசலைத் திறந்தால் இருட்டான நடை. சுவரோரம் சாய்த்து வைத்த ஊன்றுகோல்கள், சக்கர நாற்காலி, செயற்கைக் கால்கள். சிறுவர்கள் அவற்றில் இடித்துக்கொள்ளாமல் உள்ளே போகக் கற்றுக்கொள்கிறார்கள். கை கால் எல்லாம் இருக்கிற ஆண்பிள்ளை ஊரில் அபூர்வம் என்றே அந்தப் பிள்ளைகள் நினைத்திருக்கிறார்கள். வளர்ந்த ஆண் என்றால் ஏதாவது ஓர் உறுப்பு இல்லாமல்தான் இருப்பான்போல.

போரைப் பற்றி எத்தனையோ நாவல்கள் உண்டு. போர் முடிந்த பிறகு ஒரு சின்ன வீட்டின் நடைக்குள் அது எப்படிக் குடியிருக்கிறது என்பதை இவ்வளவு அருகில் வைத்துக் காட்டிய பக்கங்கள் நான் படித்தவரை மிகக் குறைவு.

பத்திரிகைத் துறைக்கு எப்படி வந்தார்?

கப்பல்கள் வழியாக. தொழிற்பள்ளிப் படிப்போடு நிறுத்திக்கொண்டு, கல்லச்சுக் கூடம் ஒன்றில் தொழில் பழகச் சேர்ந்தார். ஓவிய வகுப்புக்கும் போனார். ஓய்வு கிடைத்தால் மெல்போர்ன் துறைமுகத்தில் சுற்றுவார். பாய்மரக் கப்பல்களின் காலம் முடிந்துகொண்டிருந்த நேரம் அது. அவற்றை வரைந்தார், அவற்றின் கதைகளைத் தேடிப் படித்தார். பதினாறு வயதில் அவர் எழுதி அனுப்பிய கட்டுரை ஒன்றை 'தி ஆர்கஸ்' நாளிதழ் ஏற்று வெளியிட்டது. 1933-ல் அதே பத்திரிகை அவரைப் பயிற்சிச் செய்தியாளராகச் சேர்த்துக்கொண்டு, துறைமுகச் செய்திகளைக் கையில் கொடுத்தது.

1938-ல் எல்சி டெய்லரை மணந்தார். ஒரு மகள் பிறந்தாள்.

போர்ச் செய்தியாளராக அவர் என்ன செய்தார்?

போர் தொடங்கியதும் ஆஸ்திரேலியக் கடற்படையைப் பற்றி அடுத்தடுத்துப் புத்தகங்கள் எழுதினார். 1942-ல் அதிகாரப்பூர்வ அனுமதி பெற்ற செய்தியாளராக நியூ கினி போர்முனைக்குப் போனார். அந்த அனுபவம் 1943-ல் 'நியூ கினி டைரி' என்ற புத்தகமாக வந்தது. அதன்பின் அமெரிக்கா, இந்தியா, பர்மா, சீனா, இத்தாலி என்று போர் நடந்த இடமெல்லாம் போனார். போர் முடியும்போது ஊருக்குத் தெரிந்த பெயர் ஆகியிருந்தார்.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். 'நியூ கினி டைரி' தணிக்கையைத் தாண்டி வந்த புத்தகம். அதே காலத்தில் அவர் தனக்கென்று வேறொரு குறிப்பேடும் வைத்திருந்தார். அச்சில் வர முடியாதவை எல்லாம் அதில் இருந்தன. அது 1984-ல்தான், அவர் இறந்து பதினான்கு ஆண்டு கழித்து, 'வார் டைரி 1942' என்ற பெயரில் வெளிவந்தது. ஒரே ஆள், ஒரே காடு, ஒரே மழை; இரண்டு குறிப்பேடு. பத்திரிகையில் வேலை பார்த்தவர்களுக்கு இது புரியும். நாளைக் காலை அச்சுக்குப் போவது ஒன்று, மனசில் கிடப்பது இன்னொன்று.

அந்த இரண்டாவது குறிப்பேடுதான் அவரை நாவலாசிரியர் ஆக்கியது என்பேன்.

அவருடைய போர் நாவல் எது?

1962-ல் வந்த 'தி ஃபார் ரோடு' (தொலைதூரச் சாலை). அவரை அதிகம் பாதித்த காட்சி சீனாவில் 1944-ல் கண்டது. ஜப்பானியப் படை முன்னேற, குவெய்லின் நகரிலிருந்து லட்சக்கணக்கான மக்கள் தெற்கு நோக்கி ஓடினார்கள். பசியிலும் குளிரிலும் நோயிலும் பலர் வழியிலேயே செத்து விழுந்தார்கள். நாவலில் ஆஸ்திரேலியச் செய்தியாளன் டேவிட் மெரிடித், அமெரிக்கச் செய்தியாளன் ஒருவனுடன் ஜீப்பில் அந்தச் சாலையில் போகிறான். மக்கள் ஓடிவரும் திசைக்கு எதிர்த் திசையில்.

இந்தச் சாவுகளைச் செய்தியாக்குவது எப்படி, அதில் நமக்கு என்ன ஆதாயம், நாம் இங்கே யாருக்காக வந்திருக்கிறோம் என்ற கேள்விகள் வழி நெடுக வருகின்றன. அப்போது இந்த நாவலைப் பெரிதாக யாரும் கொண்டாடவில்லை. ஆனால் 'மை பிரதர் ஜாக்' பிறப்பதற்கு இது தேவைப்பட்டது. தன்னைத்தானே விசாரிக்க இதில்தான் பழகினார்.

சார்மியன் கிளிஃப்ட் யார்? ஜான்ஸ்டனைப் பற்றிப் பேசும்போதெல்லாம் அவர் பெயரும் ஏன் வருகிறது?

வந்தே ஆக வேண்டும். வராவிட்டால் அந்தப் பேச்சு பாதிதான்.

சார்மியன் கிளிஃப்ட் 1923-ல் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தின் கடலோர ஊரான கயாமாவில் பிறந்தவர். போருக்குப் பின் 'தி ஆர்கஸ்' அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்தார். ஜான்ஸ்டன் அப்போது மணமானவர், பத்திரிகையின் நட்சத்திரம். இருவரும் காதலித்தார்கள், விஷயம் வெளியே தெரிந்தது. சார்மியனை வேலையிலிருந்து நீக்கினார்கள். ஜான்ஸ்டனும் வேலையை விட்டார். முதல் திருமணம் முறிந்து, 1947-ல் இருவரும் மணந்துகொண்டார்கள். யாருக்கு வேலை போயிற்று, யார் தானாக விட்டார் என்பதைப் பாருங்கள். இருவருக்கும் பிற்பாடு கிடைத்த பேரும் அப்படித்தான் ஏற்றத்தாழ்வாக அமைந்தது.

சேர்ந்து எழுதிய முதல் நாவல் 'ஹை வேலி', திபெத் எல்லையோரக் கதை. 1948-ல் 'சிட்னி மார்னிங் ஹெரால்ட்' நாளிதழ் நடத்திய போட்டியில் 2000 பவுண்டு பரிசு வென்றது. அந்தக் காலத்தில் அது பெரிய தொகை.

1951-ல் ஜான்ஸ்டன் ஓர் ஆஸ்திரேலியப் பத்திரிகைக் குழுமத்தின் லண்டன் அலுவலகத் தலைவராகப் போனார். நல்ல சம்பளம், நல்ல வீடு. மூன்றே ஆண்டில் அதையும் உதறினார்.

கிரேக்கத்துக்கு ஏன் போனார்கள்?

எழுத நேரம் வேண்டும், குறைந்த செலவில் வாழ வேண்டும், லண்டன் குளிரிலிருந்து தப்ப வேண்டும். 1954 கடைசியில் இரண்டு குழந்தைகளோடு கலிம்னோஸ் தீவுக்குப் போனார்கள். கடலடியில் மூழ்கிக் கடற்பஞ்சு எடுப்பவர்களின் தீவு அது. அடுத்த ஆண்டு ஹைட்ரா தீவுக்கு இடம்பெயர்ந்து, அங்கே ஒரு வீடும் வாங்கினார்கள். மூன்றாவது குழந்தை 1956-ல் அங்கேதான் பிறந்தது.

ஹைட்ராவில் கார் கிடையாது. மூட்டை முடிச்சு எல்லாம் கழுதை முதுகில்தான் ஏறும், இன்றும் அப்படித்தான். துறைமுகத்தை ஒட்டிய மளிகைக்கடையில் மேசை போட்டு அமர்ந்து தபால் வரும் படகுக்காகக் காத்திருப்பார்கள். உறையைப் பிரித்தால் பதிப்பகத்தின் காசோலை இருக்கலாம், கைப்பிரதியைத் திருப்பி அனுப்பிய கடிதமும் இருக்கலாம். காசோலை வரும்வரை கடைக்காரர் கணக்கில் எழுதிக்கொள்வார். பல குடும்பங்களுக்குத் தெரிந்த வாழ்க்கைதான் இது. ஆனால் வெளியூர்ப் பத்திரிகைகளில் வந்த படங்களில் கடலும் மதுக்குவளையும் வெயிலும்தான் தெரிந்தன, கடன் நோட்டு தெரியவில்லை.

லியோனார்ட் கோஹனுக்கு இவர்கள் உதவினார்கள் என்பது உண்மையா?

உண்மைதான். 1960-ல் அந்தக் கனடாக் கவிஞர் ஹைட்ராவுக்கு வந்தபோது, பாடகர் என்று யாருக்கும் தெரியாது. ஜான்ஸ்டன் தம்பதிதான் முதலில் இடம் கொடுத்தார்கள். அவர் சொந்தமாக வீடு வாங்கியபோது மேசை, கட்டில், பாத்திரம் என்று வீட்டுச் சாமானும் தந்தார்கள். கோஹன் இதைப் பிற்காலத்தில் நன்றியோடு நினைவுகூர்ந்திருக்கிறார்.

ஓவியர் சிட்னி நோலனும் அங்கே வந்து தங்கினார். 'மை பிரதர் ஜாக்' முதல் பதிப்பின் மேலட்டை ஓவியம் அவருடையது.

கோஹனின் ரசிகர்களால் இந்தத் தம்பதியின் பெயர் இன்று உலகமெங்கும் தெரிகிறது. நல்லதுதான். ஆனால் ஒரு பெரிய பாடகரின் கதையில் ஓரமாக வந்துபோகும் ஆட்களாக மட்டும் இவர்களைப் பார்ப்பது எனக்கு வருத்தமாக இருக்கிறது. அவர் வந்தபோது இவர்கள் ஏற்கெனவே பன்னிரண்டு வருடமாகச் சேர்ந்து எழுதிக்கொண்டிருந்தவர்கள்.

'ஷேன் மார்ட்டின்' என்ற பெயரில் துப்பறியும் கதைகள் எழுதியது இவர்தானா?

ஆம். மகள் பெயரையும் மகன் பெயரையும் சேர்த்து வைத்துக்கொண்ட புனைபெயர் அது. வீட்டுச் செலவுக்காக எழுதியவை. அவற்றைத் தேடிப் படிக்க வேண்டிய அவசியம் இல்லை. பிள்ளைகளின் சாப்பாட்டுக்காக எழுதிய கதைக்குப் பிள்ளைகளின் பெயரையே வைத்தார் என்பது மட்டும் எனக்கு மறக்கவில்லை.

'மை பிரதர் ஜாக்' எப்படி எழுதப்பட்டது?

1959-ல் ஜான்ஸ்டனுக்குக் காசநோய் என்று தெரிந்தது. உடம்பு இளைத்துப் போயிற்று. புகையையும் குடியையும் விட முடியவில்லை. வருஷக்கணக்கில் வேகமாக எழுதிக் குவித்தும் பணமும் நிற்கவில்லை, பெயரும் நிற்கவில்லை. அந்த நிலையில் ஹைட்ரா வீட்டில் உட்கார்ந்து, சிறுவயது மெல்போர்னை நினைவிலிருந்து எழுத ஆரம்பித்தார்.

அப்போது சார்மியன் தன் சொந்த நாவலை ஒதுக்கி வைத்துவிட்டு, அவர் மேசைக்குப் பக்கத்துப் படியில் வந்து உட்கார்ந்துகொண்டார். ஒரு நாள் இரண்டு நாள் இல்லை, பல மாதம். அந்தத் தெரு எப்படி இருந்தது, அடுக்களையில் என்ன வாசம், அம்மா எந்தப் பாத்திரத்தை எங்கே வைப்பார் என்று பேச்சுக் கொடுப்பார். அவர் சொல்லச் சொல்லக் கேட்பார். இடையில் ஒரு கேள்வி போடுவார். அதிலிருந்து இன்னொரு நினைவு கிளம்பும். பத்திரிகைக்காரரின் வேகம் அந்தப் படியருகே வந்துதான் நின்றது. ஊன்றுகோல் சாய்த்த அந்த நடை அவ்வளவு துல்லியமாக நம் கண்முன் வருகிறது என்றால், அதில் படியில் உட்கார்ந்திருந்தவரின் உழைப்பும் இருக்கிறது. அட்டையில் ஒரு பெயர்தான் இருக்கிறது.

கதை என்ன?

இரண்டு சகோதரர்கள். அண்ணன் ஜாக் துணிச்சல்காரன், மனசில் பட்டதைப் பேசுவான், அடிவாங்கினாலும் சிரிப்பான். தம்பி டேவிட் மெரிடித் பயந்தவன், கெட்டிக்காரன், நழுவத் தெரிந்தவன். போரிலிருந்து மனம் கசந்து திரும்பிய அப்பா, செய்த தப்புக்கும் செய்யாத தப்புக்குமாக மாதக் கடைசியில் பிள்ளைகளைத் தோல்வாரால் அடிக்கிறார். ஜாக் முறைத்து நிற்கிறான். டேவிட் எழுத்துக்குள் ஒளிந்துகொள்கிறான்.

பொருளாதார மந்தம் வருகிறது. ஜாக் வேலை தேடி அலைகிறான். டேவிட்டுக்குப் பத்திரிகையில் வேலை, மணவாழ்க்கை, புதிய புறநகரில் வீடு. ஒரு நாள் வானொலி ஏரியலைச் சரிசெய்யக் கூரைமேல் ஏறுகிறான். சுற்றிலும் பார்த்தால் சிவப்பு ஓடு, சிவப்பு ஓடு, கண்ணுக்கெட்டிய தூரம் வரை ஒரே மாதிரிக் கூரைகள். ஒரு மரம் இல்லை. இங்கேயா நான் வாழ்ந்து முடிக்கப் போகிறேன் என்று அவனுக்குள் என்னவோ உடைகிறது. கீழே இறங்கி வந்தவன், பக்கத்து வீட்டுக்காரர்கள் முகம் சுளிக்க, தோட்டத்தில் யூகலிப்டஸ் மரம் ஒன்றை நடுகிறான்.

அடுத்து போர். போர்முனைக்குப் போகத் துடிக்கும் ஜாக், பயிற்சியில் அடிபட்டுக் கடைசிவரை வெளிநாட்டுப் போர்முனையைப் பார்க்கவே இல்லை. பேனாவோடு போன டேவிட் புகழோடு திரும்புகிறான். அப்புறம் வருவதுதான் வலி. ஜாக் தன் தம்பியைப் பெருமையோடு பார்க்கிறான். ஒரு துளி பொறாமை இல்லை. அந்தப் பார்வையைத் தாங்க டேவிட்டால் முடியவில்லை. தான் அதற்குத் தகுதியானவன் இல்லை என்று அவனுக்குத்தானே தெரியும்!

இது தன்வரலாறா, நாவலா?

நாவல்தான். தன் வாழ்க்கையிலிருந்து எடுத்தார், தேவைக்கேற்ப மாற்றினார். ஜாக் என்ற பெயர்கூட அவருடைய அண்ணனின் நிஜப் பெயர். ஆனால் டேவிட் மெரிடித்தை அவர் விசாரிப்பதில் கொஞ்சம் மிகையும் இருக்கிறது. தன்னை நல்லவனாகக் காட்டிக்கொள்ள எழுதப்படும் நாவல்கள் ஏராளம். தன்னைக் கூண்டில் ஏற்றுவதற்காக எழுதியது இது.

நாடு திரும்பியபோது வரவேற்பு எப்படி?

1964 மார்ச் மாதம், அடிலெய்டு கலைவிழா நேரத்தில், ஜான்ஸ்டன் முதலில் தனியாகத் திரும்பினார். மனைவியும் பிள்ளைகளும் அதே ஆண்டு பின்னால் கப்பலில் வந்து சேர்ந்தார்கள். நாவல் பெரும் வெற்றி பெற்றது. அந்நாட்டின் உயரிய நாவல் பரிசான மைல்ஸ் பிராங்க்ளின் விருது கிடைத்தது. 1965-ல் ஆஸ்திரேலியாவின் பொது ஒளிபரப்பு நிறுவனமான ஏபிசி தொலைக்காட்சி அதைத் தொடராக எடுத்தபோது திரைக்கதை எழுதியவர் சார்மியன்.

சார்மியன் 1964 முதல் 'சிட்னி மார்னிங் ஹெரால்ட்' நாளிதழில் வாரந்தோறும் பத்தி எழுதினார். பெண்கள் பக்கத்தில்தான் இடம் தந்தார்கள். அந்த இடத்திலிருந்தே வியட்நாம் போரைப் பற்றியும், கிரேக்கத்தில் 1967-ல் ஆட்சியைப் பிடித்த ராணுவத்தைப் பற்றியும், குடியேறிகளைப் பற்றியும் எழுதினார். வாசகர்கள் அவரை வீட்டு மனுஷியாகவே நினைத்தார்கள். ஜான்ஸ்டனோ அந்த ஆண்டுகளில் பெரும்பகுதி மருத்துவமனைக் கட்டிலில் இருந்தார். வீட்டை ஓட்டியது அந்தப் பத்திதான்.

சார்மியனின் மரணத்துக்கு ஜான்ஸ்டனின் அடுத்த நாவல் காரணமா?

இந்தக் கேள்வி திரும்பத் திரும்ப வருகிறது. நடந்ததை மட்டும் சொல்கிறேன். 'க்ளீன் ஸ்ட்ரா ஃபார் நத்திங்' (சும்மா கிடைக்கும் சுத்த வைக்கோல்) என்ற, 'மை பிரதர் ஜாக்' கதையைத் தொடரும் இரண்டாம் நாவலில் சார்மியனின் சாயலில் கிரெசிடா மோர்லி என்ற பாத்திரம் வருகிறது. கிரேக்கத் தீவில் அந்த மணவாழ்க்கை விரிசல் விட்டதும், அவள் வேறொருவரை நாடியதும் அதில் இருக்கின்றன. அந்த நாவல் எழுதப்படும்போது சார்மியனால் முன்புபோல் படியில் போய் உட்கார முடியவில்லை. புத்தகம் வெளிவருவதற்குச் சில வாரம் முன்பு, 1969 ஜூலை 8 அன்று, 45 வயதில், அவர் தன் உயிரை மாய்த்துக்கொண்டார்.

ஒருவர் அப்படிப் போவதற்கு ஒரே காரணத்தைச் சுட்டிக்காட்டுவது தவறு. நோயாளிக் கணவர், குடி, ஓயாத வேலை, முடிக்க முடியாமல் கிடந்த சொந்த நாவல், எல்லாம் அவர் தலைமேல் இருந்தன. அதே சமயம், உயிரோடிருக்கும் மனைவியின் அந்தரங்கத்தைக் கதையாக்க எழுத்தாளனுக்கு எவ்வளவு உரிமை என்ற கேள்வியிலிருந்து ஜான்ஸ்டனை விடுவிக்கவும் எனக்கு மனம் வரவில்லை. அவரை நேசித்துப் படிக்கிறவன் என்றாலும்.

அந்த நாவலுக்கும் மைல்ஸ் பிராங்க்ளின் விருது கிடைத்தது.

அந்தத் தலைப்புக்கு என்ன பொருள்?

18-ஆம் நூற்றாண்டு ஆங்கில ஓவியர் ஹோகார்த்தின் 'ஜின் லேன்' படத்தில் ஒரு சாராயக்கடைப் பலகை இருக்கிறது. ஒரு பென்னிக்குப் போதை, இரண்டு பென்னிக்கு நினைவு தப்பும் போதை, விழுந்து கிடக்கச் சுத்தமான வைக்கோல் இலவசம் என்பது அதன் வாசகம். அங்கிருந்து எடுத்த தலைப்பு.

மூன்றாவது நாவல் முடிந்ததா?

முடியவில்லை. 'எ கார்ட்லோடு ஆஃப் க்ளே' (ஒரு வண்டி களிமண்) அவர் இறந்த பிறகு 1971-ல், எழுதியவரையில் அப்படியே வெளிவந்தது. அதில் டேவிட் மெரிடித் மனைவியை இழந்தவன், மூச்சு வாங்கும் நோயாளி. வீட்டிலிருந்து கிளம்பித் தெருவில் கொஞ்ச தூரம் நடக்கிறான். உலகத்தையெல்லாம் சுற்றிய ஆள், இப்போது ஒரு தெருவைக் கடப்பதற்கு நடுவில் உட்கார்ந்து இளைப்பாற வேண்டியிருக்கிறது. நடையின் ஒவ்வொரு நிறுத்தத்திலும் ஒரு பழைய நினைவு வந்து போகிறது. முடிவு இல்லாததே ஒரு குறையாகப் படவில்லை எனக்கு.

பிள்ளைகளில் யாராவது எழுத்தாளர் ஆனார்களா?

மூத்த மகன் மார்ட்டின் ஜான்ஸ்டன் மதிக்கப்படும் கவிஞர், மொழிபெயர்ப்பாளர். கிரேக்கத்தில் வளர்ந்ததால் அந்த மொழி அவருக்கு இன்னொரு தாய்மொழி மாதிரி. 1990-ல், 42 வயதில், அவரும் போய்விட்டார்.

எதிலிருந்து படிக்கத் தொடங்குவது?

'மை பிரதர் ஜாக்'. வேறு யோசனையே வேண்டாம். ஆங்கிலம் சரளம், கதை தானாக இழுத்துக்கொண்டு போகும்.

அதை முடித்ததும் உடனே இரண்டாம் பாகத்துக்குப் போகாதீர்கள். நடுவில் சார்மியனின் 'பீல் மீ எ லோட்டஸ்' (1959) படியுங்கள். ஹைட்ராவில் வீடு வாங்கி, குழந்தை பிறந்து, காசில்லாமல் கழித்த ஓர் ஆண்டின் கதை. நீங்கள் முன்னே படித்து முடித்த நாவலுக்குப் பக்கத்துப் படியில் உட்கார்ந்திருந்தவரின் குரல் எப்படிப்பட்டது என்று அதில் தெரிந்துவிடும். அதற்குப் பிறகு 'க்ளீன் ஸ்ட்ரா' படிக்கும்போது கிரெசிடா பேசாமல் விட்ட இடங்களும் உங்களுக்குக் கேட்கும்.